ஞாயிற்றுக்கிழமை யாருடைய நாள்?

"ஹஜ்ரத், வெள்ளிக்கிழமதானே நம்ம நாளு? பெறகு ஏன் ஞாயித்துக்கெழம பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுறாங்க?"

காலை மதரஸா முடிந்து, குர்ஆன் பிரதிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்த வேளையில் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் இவ்வாறு கேட்டான். பக்கத்தில் நின்ற அவனுடைய தோழன் முந்திக்கொண்டு, "அது கிறிஸ்டியன்காரவுங்க நாளுடா, வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனது" என்று பதில் சொன்னான். நான் சிரித்துக்கொண்டே இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். எனினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வரலாற்றில் பட்டம் பெற்றவன் நான். பல்லாண்டுகளாக மதரஸாவில் ஓதிக்கொடுத்து வருபவன். இவ்விரு வகையிலும் அந்தச் சிறுவனுக்கு நான் கடன்பட்டவன். அந்தக் கடனைத் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை. எழுதத் தொடங்கிய பின்னர்தான், அந்தக் கேள்விக்குள் நம் ஒவ்வொரு வீட்டையும் தொடுகின்ற இன்னொரு கேள்வி மறைந்திருப்பதை உணர்ந்தேன். அதைப் பின்னர் சொல்கிறேன்.

பெயர் சொல்லும் செய்தி

நம் தாய்மொழியாம் தமிழில் 'ஞாயிறு' என்றால் சூரியன். 'கிழமை' என்றால் உரிமை. உரியவனைக் கிழவன் என்றும் உரியவளைக் கிழத்தி என்றும் பழந்தமிழர் அழைத்தனர். ஆறாம் வேற்றுமையின் பொருளை இலக்கண நூலார் கிழமைப் பொருள் என்றே குறிப்பிடுகின்றனர். ஆகவே ஞாயிற்றுக்கிழமை என்பதற்குச் 'சூரியனுக்கு உரிய நாள்' என்பது பொருள். ஆங்கிலேயர் 'சண்டே' என்பதும் ஜெர்மானியர் 'சொன்டாக்' என்பதும் இதே பொருளில்தான். வடநாட்டார் 'ரவிவார்' என்பதிலும், உருது பேசும் நம் சகோதரர்கள் 'இத்வார்' என்பதிலும் சூரியனே இருக்கிறான். 'ஆதித்யவாரம்' என்பதே தேய்ந்து இத்வார் ஆயிற்று.

ஆனால் அரபு மொழியின் வழி வேறு. அங்கே இந்நாள் 'யவ்முல் அஹத்'. அதாவது முதலாம் நாள். திங்கள் இரண்டாம் நாள், செவ்வாய் மூன்றாம் நாள், புதன் நான்காம் நாள், வியாழன் ஐந்தாம் நாள் என எண்ணிக்கொண்டே சென்று, வெள்ளியை 'ஜும்ஆ' என்றும் சனியை 'ஸப்த்' என்றும் நிறைவு செய்கிறது அம்மொழி. ஜும்ஆ என்பது ஒன்றுகூடலையும் ஸப்த் என்பது ஓய்வையும் குறிக்கும். வாரத்தின் ஏழு நாட்களுள் இவ்விரண்டின் பெயர்களை மட்டுமே திருக்குர்ஆன் குறிப்பிடுகிறது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. இஸ்லாத்திற்கு முன்பு அரபிகள் ஞாயிற்றை 'அவ்வல்' என்றும் வெள்ளியை 'அரூபா' என்றும் வேறு பெயர்களால் அழைத்து வந்தனர்.

பாரசீகர்கள் சனியை 'ஷம்பா' எனக் கொண்டு, ஞாயிற்றை 'யக்ஷம்பா' என்கிறார்கள். சனிக்குப் பின் ஒன்று என்பது அதன் கருத்து. மலேசியாவில் 'அஹத்' என்றே வழங்குகிறார்கள். இந்தோனேசியாவிலோ 'மிங்கு' என்பார்கள். கடல் கடந்து வந்த போர்த்துக்கீசியரின் 'தொமிங்கு' என்னும் சொல்லே அங்கே அப்படி மருவிற்று. 'ஆண்டவருக்குரிய நாள்' என்பது அதன் பொருள். ருஷ்ய மொழியில் இந்நாளுக்கு 'உயிர்த்தெழுதல்' என்று பெயர். ஒரே நாள்! ஒரு மொழிக்கு அது சூரியன். ஒரு மொழிக்கு எண். இன்னொரு மொழிக்கு வேதச் செய்தி.

'சூரியனுடைய நாள் என்று சொல்வது நமக்குத் தகுமா?' எனச் சில இளைஞர்கள் ஐயுறுவதுண்டு. இரவும் பகலும், சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள் என்றும், அவற்றுக்குச் சிரம்பணியாது அவற்றைப் படைத்தவனுக்கே சிரம்பணிய வேண்டும் என்றும் திருமறையின் 41ஆம் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. வணக்கம் வேறு, வழக்குச் சொல் வேறு. நம் முன்னோர் ஞாயிறு என்ற சொல்லைத் தயக்கமின்றி ஆண்டார்கள். அதனால் அவர்களுடைய ஈமானுக்கு எக்குறையும் நேர்ந்ததில்லை.

ஒன்றில் மட்டும் நம் வீட்டுக் கணக்கு தனியாக நின்றது. மஃரிபோடு மறுநாள் பிறந்துவிடுகிறது என்பதே நம் கணக்கு. வியாழன் மாலையை 'வெள்ளி இரவு' என்றுதானே நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள்! அந்த முறைப்படி, சனிக்கிழமை பொழுது சாய்ந்ததுமே ஞாயிறு நம் வாசலுக்கு வந்துவிடுகிறது.

ஏழு நாட்களின் வரிசை

ஞாயிற்றுக்குப் பின் திங்கள், அதன் பின் செவ்வாய் என்ற வரிசையை வகுத்தவர் யார்? பண்டைய வானநூலார் ஏழு கோள்களை அவற்றின் வேகத்திற்கேற்ப வரிசைப்படுத்தினர். மெதுவாக நகரும் சனி முதலாவது. அடுத்து வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், விரைந்து செல்லும் திங்கள். ஒரு நாளின் இருபத்து நான்கு மணிநேரத்தில் ஒவ்வொரு மணியையும் ஒரு கோளுக்கு உரியதாக வைத்தனர். சனியிலிருந்து எண்ணத் தொடங்கினால் இருபத்தொரு மணியில் மூன்று சுற்றுகள் முடியும். இருபத்திரண்டாவது சனி, இருபத்து மூன்றாவது வியாழன், இருபத்து நான்காவது செவ்வாய். மறுநாளின் முதல் மணி ஞாயிற்றுக்கு வந்து சேரும். எனவே சனிக்கு அடுத்த நாள் ஞாயிறு. இவ்வாறே எண்ணிச் சென்றால் ஏழு கிழமைகளும் வரிசையாக வந்து நிற்கும். நம்மூர்ப் பஞ்சாங்கங்களில் காணப்படும் 'ஓரை' என்னும் சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது என்று அறிஞர் கூறுவர்.

நம் நாட்டில் கிழமை குறித்த கல்வெட்டுகளுள் மிகப் பழையது, மத்தியப் பிரதேசத்து ஏரண் என்னும் ஊரில் புதகுப்த மன்னன் காலத்தில் நிறுத்தப்பட்ட தூண். அதன் காலம் கி.பி. 484, அது குறிப்பிடும் நாள் வியாழன். தமிழில், ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த திருஞானசம்பந்தரின் கோளறு பதிகத்தில் கோள்களின் பெயர்கள் இன்றைய கிழமை வரிசையிலேயே வருகின்றன. சோழ, பாண்டியக் கல்வெட்டுகளில் கிழமையும் நட்சத்திரமும் சேர்த்தே பொறிக்கப்பட்டன. அவற்றைத் துணைக்கொண்டு மன்னர்களின் ஆண்டுகளைக் கணக்கிட்டுத் தந்தவர் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. ஏறத்தாழ 1030ஆம் ஆண்டில் இந்தியாவைப் பற்றி அரபியில் பெருநூல் எழுதிய அறிஞர் அல்பீரூனியும் இந்நாட்டு மக்கள் 'ஆதித்யவாரம்' முதலாகக் கிழமைகளை எண்ணும் முறையைக் குறித்து வைத்துள்ளார். பிறருடைய வழக்கத்தைப் பழிக்காமல், உள்ளது உள்ளபடி அறிந்து எழுதிய அவருடைய பண்பு நமக்கு ஒரு பாடமாகும்.

வழிபாட்டு நாளும் ஓய்வு நாளும்

யூதர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வு நாள். தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள், ஈஸா நபி (அலை) அவர்கள் உயிர்த்தெழுந்த நாளெனத் தாம் நம்பிய ஞாயிற்றுக்கிழமையில் ஒன்றுகூடினர். எனினும் அது அக்காலத்தில் விடுமுறை நாளன்று; வேலை நாளே. கி.பி. 321ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் உரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் பிறப்பித்த ஆணைதான் அதனை ஓய்வு நாளாக்கிற்று. நீதிமன்றங்களும் நகரத்துத் தொழிற்கூடங்களும் அன்று மூடப்பட வேண்டும் என்றது அவ்வாணை. ஆனால் உழவர்களுக்கு விலக்கு அளித்தது. விதைக்கும் பருவமும் அறுக்கும் பருவமும் கிழமை பார்த்து வருவதில்லை அன்றோ?

இனி நம் வெள்ளிக்கிழமையைப் பார்ப்போம். முந்தைய சமுதாயத்தாருக்குச் சனியும் ஞாயிறும் அமைய, நமக்கு வெள்ளி வாய்த்தது என்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறைவனின் அருட்கொடையாக எடுத்துரைத்துள்ளார்கள். ஆயினும் வெள்ளி நமக்கு ஓய்வு நாளாக விதிக்கப்படவில்லை. இதைப் பலரும் அறியார். ஜும்ஆத் தொழுகைக்கு அழைக்கப்பட்டால் வணிகத்தை விட்டுவிட்டு விரைந்து வருமாறு பணிக்கிறது 62ஆம் அத்தியாயம். அடுத்த வசனமே, தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று இறைவனின் அருளைத் தேடிக்கொள்ளச் சொல்கிறது. அதாவது ஜும்ஆவுக்கு முன்னும் வேலை உண்டு. பின்னும் வேலை உண்டு. வானங்களையும் பூமியையும் ஆறு நாட்களில் படைத்த இறைவனைக் களைப்பு தீண்டவில்லை என்று 50ஆம் அத்தியாயம் அறிவிக்கிறது. எனவே இறைவன் ஓய்வெடுத்த நாள் என்ற கருத்துக்கே நம் மார்க்கத்தில் இடமில்லை.

அப்படியானால் ஓய்வு என்பதே வேண்டாமா? வேண்டும். இரவெல்லாம் வணங்கிப் பகலெல்லாம் நோன்பு நோற்ற ஓர் இளம் தோழரை அழைத்து, உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் விருந்தினருக்கும் அவர்மீது உரிமை உண்டு என்று அண்ணலார் (ஸல்) உணர்த்தினார்கள். இங்கே 'உரிமை' என்னும் சொல்லைக் கவனியுங்கள். தமிழ்க் 'கிழமை' சொல்வதும் அதுதான்!

உழைப்பாளி பெற்ற உரிமை

'வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனது' என்றானே அச்சிறுவன், அது பாதி உண்மையே. ஆங்கிலேய ஆட்சியில் அலுவலகங்களுக்கு ஞாயிறு விடுமுறை இருந்தது மெய். ஆனால் பம்பாய்ப் பஞ்சாலைகளில் உழைத்த இந்தியத் தொழிலாளிக்கு அந்த விடுமுறை எளிதில் கிடைத்துவிடவில்லை. அதற்காகப் போராடியவர் நாராயண் மேகாஜி லோகாண்டே. மகாத்மா ஜோதிராவ் புலேயின் இயக்கத்தைச் சேர்ந்தவர். 'தீனபந்து' இதழை நடத்தியவர். 1884இல் ஆலைத் தொழிலாளர்களை ஒன்று திரட்டி வார விடுமுறைக் கோரிக்கையை முன்வைத்தார். ஆலை முதலாளிகள் செவிசாய்க்கவில்லை. 1890 ஏப்ரல் 24ஆம் நாள் ஏறத்தாழப் பத்தாயிரம் தொழிலாளர் திரண்ட கூட்டத்தில் பெண் தொழிலாளர் இருவரும் எழுந்து பேசினர். அதே ஆண்டு ஜூன் 10ஆம் நாள் ஞாயிறு விடுமுறைக்கு முதலாளிகள் இசைந்தனர். மறு ஆண்டு வந்த தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறைக்கு வழி செய்தது. லோகாண்டேயின் நினைவாக 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது.

விடுதலைக்குப் பின் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும், தேயிலை, காபி, ஏலத் தோட்டங்களுக்கான 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் ஏழு நாட்களில் ஒரு நாள் ஓய்வுக்கு வகை செய்தன. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு இவற்றின் இடத்தில் அமர்ந்துள்ளது. அதிலும் வாரத்திற்கு ஆறு நாட்களுக்கு மேல் வேலை வாங்கலாகாது என்ற விதி தொடர்கிறது. ஆகவே இன்று நாம் அனுபவிக்கும் ஞாயிறு, தேவாலயத்திலிருந்து மட்டும் வந்ததன்று. ஆலை வாசலில் வியர்வை சிந்திய ஏழைகளும் அதைப் பெற்றுத் தந்தார்கள்.

மாற்றிப் பார்த்த நாடுகள்

ஞாயிற்றை மாற்றிப் பார்த்த நாடுகளும் உண்டு. புரட்சிக்குப் பின் பிரான்சு நாட்டார் 1793இல் பத்து நாள் வாரத்தைக் கொண்டுவந்தனர். உழைப்பவனுக்கு ஏழு நாளுக்கொருமுறை கிடைத்த ஓய்வு பத்து நாளுக்கொருமுறையாயிற்று. 1806 தொடக்கத்தில் அந்த நாட்காட்டியே கைவிடப்பட்டது. சோவியத் நாட்டில் 1929இல் ஐந்து நாள் வாரம் வந்தது. ஆலை ஒருநாளும் நிற்கலாகாது என்பதற்காகத் தொழிலாளர்களுக்கு வெவ்வேறு நாட்களில் விடுப்பு அளித்தனர். கணவனுக்கு ஒரு நாள் ஓய்வு, மனைவிக்கு வேறொரு நாள் ஓய்வு! ஒரே வீட்டார் ஒன்றாக அமர்ந்து உண்ணவும் வழியின்றிப் போயிற்று. 1940இல் பழைய ஏழு நாள் வாரமும் ஞாயிறு ஓய்வும் திரும்பின. இந்நிகழ்ச்சியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நம் அண்டை நாடான இலங்கையில் 1966 முதல் ஞாயிற்றுக்குப் பதிலாகச் சந்திரனின் பிறைநிலையைப் பின்பற்றிய போயா நாட்கள் வார விடுமுறையாயின. சில வாரங்களுக்கு ஏழு நாட்களும் சில வாரங்களுக்கு எட்டு நாட்களுமாகக் கணக்கு தடுமாறியது. உலக வணிகத்தோடும் ஒத்துவரவில்லை. 1971இல் ஞாயிறு மீண்டது. பாகிஸ்தானில் 1977இல் வெள்ளி விடுமுறையாகி, 1997இல் மீண்டும் ஞாயிறே விடுமுறையாயிற்று. சவூதி அரேபியா 2013இல் வியாழன், வெள்ளி என்றிருந்ததை வெள்ளி, சனி என மாற்றிற்று. ஐக்கிய அரபு அமீரகம் 2022 முதல் வெள்ளியன்று அரைநாள் வேலை, சனியும் ஞாயிறும் விடுமுறை என்றாக்கியது. ஷார்ஜாவில் மட்டும் வெள்ளி முழு விடுமுறையாயிற்று. இலட்சத்தீவுப் பள்ளிகளில் நெடுங்காலமாக இருந்த வெள்ளி விடுமுறை 2021 டிசம்பரில் ஞாயிறாக்கப்பட்டபோது அத்தீவு மக்கள் வருந்தி எதிர்ப்புத் தெரிவித்தனர். காலங்காலமாகப் பழகிவந்த ஒழுங்கைக் கேளாமலே மாற்றினால் மனம் நோகுமன்றோ?

இவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. எந்தக் கிழமை என்பதைக் காட்டிலும், அந்நாள் எல்லார்க்கும் ஒரே நாளாக அமைகிறதா என்பதே குடும்பங்களுக்கு முதன்மையான கேள்வி.

மலையடிவாரத்து ஞாயிறு

இனி நம் ஊருக்கு வருகிறேன். போடிநாயக்கனூரை அடுத்த மலையடிவாரத்துச் சிலமலைப் பக்கம் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இங்கே பொழுது விடிவது சேவல் கூவி அன்று, ஜீப்பு உறுமித்தான். சுப்ஹுத் தொழுகைக்கு நான் பள்ளிவாசலுக்குச் செல்லும் வேளையில், கூடையும் தூக்குச்சட்டியும் ஏந்திய பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்து அமர்ந்திருப்பார்கள். போடிமெட்டின் பதினேழு கொண்டையூசி வளைவுகளையும் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குச் செல்ல வேண்டும். களை எடுப்பு, காய் எடுப்பு எனப் பகலெல்லாம் குனிந்து உழைத்துவிட்டு, இருட்டிய பின்னரே இறங்கி வருவார்கள். அவர்களுள் நம் சமுதாயப் பெண்களும் உண்டு. பல தோட்டங்களில் ஞாயிறு வேலையில்லை. வேலையில்லாத நாளில் கூலியும் இல்லை. பறித்த பச்சைக் காயைப் போட்டு வைக்க இயலாது. உடனே ஸ்டோருக்குக் கொண்டு சென்று உலர்த்தியாக வேண்டும். எனவே காய் எடுப்புக் காலத்தில் ஸ்டோரில் வேலை செய்பவருக்கு அந்த ஞாயிறும் நிச்சயமில்லை. கான்ஸ்டன்டைன் உழவருக்கு அளித்த விலக்கு இன்றும் மலையில் நடைமுறையில் இருக்கிறது எனலாம்!

ஊருக்கெல்லாம் ஞாயிறு என்றால் கறிச்சோறு. ஆனால் அந்தக் கறியை வெட்டித் தருகிறவர் யார்? பெரும்பாலும் நம் சகோதரர்களே. சுப்ஹுக்கு முன் கடை திறந்து நண்பகல் வரை நின்ற கால் மாறாது நிற்கும் அவர்களுக்கு ஞாயிறு வாரத்தின் மிகக் கடுமையான நாள். நகரத்தாருக்கோ ஞாயிறு மலையேறும் நாள். 2018 மார்ச் 11ஆம் நாளும் ஞாயிறுதான். சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து வந்து குரங்கணி மலையில் நடந்து சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முதலில் மலையேறி ஓடிக் காயமுற்றோரைச் சுமந்து வந்தவர்கள் அப்பகுதி மக்களே. அவர்களுடைய ஞாயிறு அன்று அவ்வாறு கழிந்தது.

நான் செய்த பிழை

மறைந்திருந்த கேள்வியை இனிச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்திற்கு ஞாயிறு விடுமுறை. வெள்ளி வேலை நாள். நம் மதரஸாவுக்கு வெள்ளி விடுமுறை. ஞாயிறு வேலை நாள். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: நம் பிள்ளைக்கு வாரத்தில் முழுதாக ஒரு நாளும் ஓய்வில்லை! சோவியத் நாட்டில் அரசு செய்ததை, நாம் அறியாமலே நம் வீடுகளில் செய்துகொண்டிருக்கிறோம்.

இதை நான் உணரவில்லை என்பது மட்டுமன்று. இன்னும் கடுமையாக்கவும் முனைந்தேன். வாரநாட்களில் ஏழரை மணிக்கே பள்ளி வேன் வந்துவிடுகிறது, மாலையில் டியூஷன். பிள்ளைகள் ஓதுவது தேய்ந்துகொண்டே வந்தது. எனவே ஞாயிறு காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை முழுநாள் மதரஸா நடத்தலாம் என்று ஜமாஅத்தாரிடம் யோசனை கூறினேன். அவர்களும் மகிழ்ந்து ஒப்புக்கொண்டார்கள். பகல் உணவுக்கும் ஒருவர் பொறுப்பேற்றார்.

அந்தச் சனிக்கிழமை இஷாவுக்குச் சற்று முன் ஒரு தாய் மதரஸா வாசலில் வந்து நின்றார். மலையிலிருந்து நேரே வந்திருக்கிறார் என்பது சேலையில் ஒட்டியிருந்த மண்ணைக் கண்டே விளங்கியது.

"சொல்லுங்கம்மா" என்றேன்.

"தப்பா எடுத்துக்கக் கூடாது ஹஜ்ரத். கருக்கல்லயே கெளம்பிப் போயிருறேன். அப்ப புள்ள தூங்கிக்கிட்டிருக்கு. இருட்டுனப்பெறகு வர்றேன், அப்பவும் தூங்கிருது. ஞாயித்துக்கெழம ஒரு நாளுதான் எம்புள்ள மொகத்தப் பகல் வெளிச்சத்துல பாக்குறேன். அதையும் நீங்க எடுத்துக்கிட்டா நான் என்னைக்குப் பாக்குறது?"

என்னால் உடனே பதில் கூற இயலவில்லை. "மார்க்கக் கல்வி முக்கியமில்லையா அம்மா?" என்று மெல்லக் கேட்டேன்.

"முக்கியந்தான் ஹஜ்ரத். எனக்கே யாசீன் சரியா ஓதத் தெரியாது, எம்புள்ளையாச்சும் ஓதணும். ஆனா அதுக்குத் தலையில எண்ணெ வச்சு விடுறதுக்கும் ஒரு நாளு வேணுமே" என்றார் அவர்.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மக்களுக்கு வியாழன்தோறும் மட்டுமே உபதேசம் செய்து வந்தார்கள். ஒருவர் நாள்தோறும் செய்யுமாறு வேண்டியபோது, 'மக்கள் சலிப்படைவதை நான் விரும்பவில்லை. அண்ணலாரும் எங்கள் விஷயத்தில் அவ்வாறே கவனமாக இருந்தார்கள்' என்ற கருத்தில் மறுத்துவிட்டார்கள். இந்த ஹதீஸைப் பலமுறை பாடம் நடத்தியவன் நான்! இன்னொரு ஹதீஸும் நினைவுக்கு வந்தது. ஆண்களே தங்களை எப்போதும் சூழ்ந்துகொள்வதால், எங்களுக்கென ஒரு நாளை ஒதுக்கித் தாருங்கள் என்று பெண்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வேண்டினர். அண்ணலாரும் ஒரு நாளை வாக்களித்து, அந்நாளில் அவர்களைச் சந்தித்து உபதேசித்தார்கள். யாசீன் ஓதத் தெரியாது என்று சொன்ன அந்தத் தாய்க்கு நாம் எந்த நாளை ஒதுக்கினோம்?

மறுவாரம் ஜமாஅத் கூட்டத்தில் என் யோசனையை நானே திரும்பப் பெற்றுக்கொண்டேன். பெரியவர் ஒருவர் கோபித்தார். "டியூஷனுக்கு நேரமிருக்கு, தீனுக்கு நேரமில்லையா?" என்று கேட்டார். அவருடைய கோபத்திலும் நியாயம் உண்டு. நெடுநேரம் ஆலோசித்து ஒரு முடிவுக்கு வந்தோம். ஞாயிறன்று சுப்ஹுக்குப் பின் தொடங்கி எட்டரை மணியோடு மதரஸா முடிந்துவிடும். பிறகு அஸர் வரை அந்நாள் வீட்டாருக்கே உரியது. அஸருக்குப் பின் அரைமணி நேரம் தாய்மார்களுக்கு ஓதிக்கொடுக்கப்படும். விரும்பும் பிள்ளைகள் தாயோடு வந்து அமரலாம். வாரநாட்களின் இழப்பை ஈடுசெய்ய, பள்ளிக்கூடத் தேர்வு இல்லாத மாதங்களில் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே முக்கால் மணி நேரம்.

எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே ஞாயிறன்றும் சிறப்பு வகுப்பு வைக்கிறார்கள், அவர்கள் வருவதில்லை. கறிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் தகப்பனுக்கு உதவப் போய்விடுகிறார்கள். ஆனால் அஸருக்குப் பின் தாய்மார் பதின்மூன்று பேர் வருகிறார்கள். எழுத்துக் கூட்டி ஓதும் தாயைப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் மகன் திருத்துகிறான். தாய் வெட்கத்தோடு சிரிக்கிறார். முழுநாள் மதரஸா வைத்திருந்தால் இக்காட்சியை நான் கண்டிருக்க மாட்டேன்.

நாம் செய்ய வேண்டியவை

அன்புச் சகோதர சகோதரிகளே! உங்கள் வீட்டு ஞாயிறு எவ்வாறு கழிகிறது? நள்ளிரவு வரை கைப்பேசி, நண்பகல் வரை உறக்கம், பின் தொலைக்காட்சி என்று கழிகிறதா? அல்லது ஓடிக்கொண்டே கழிகிறதா? இரண்டும் இழப்பே. சுப்ஹைத் தவறவிடாது எழுந்தால் அந்நாள் நீண்டதாகும். தந்தை ஒரு வேளையேனும் பிள்ளைகளோடு ஒரே தஸ்தர்கானில் அமர்ந்து உண்ணட்டும். உறவினர் ஒருவரையோ நோயாளி ஒருவரையோ சென்று பாருங்கள். அண்ணலார் (ஸல்) அவர்கள் சனிக்கிழமைதோறும் குபாப் பள்ளிவாசலுக்குச் சென்று வந்தார்கள் என்பதை அறிவீர்கள். வாரத்தில் ஒரு நாளை ஒரு நற்செயலுக்கெனக் குறித்துக்கொள்வதற்கு அதில் முன்மாதிரி இருக்கிறது.

கடையும் தோட்டமும் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. ஜும்ஆவுக்குச் செல்லும் பணியாளருக்கு நேரம் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் கொடுங்கள். இயன்றால் அந்நாளின் கூலியில் ஒரு பகுதியையேனும் கொடுங்கள். ஞாயிறன்று கூலி இழந்து வீட்டிலிருக்கும் ஏழைக்கு அது ஓய்வு நாளன்று, கவலை நாள். வெள்ளியைப் பேணுவது தொழுகையோடு முடிந்துவிடுவதில்லை. பூமியில் பரவி அருளைத் தேடுபவர்களுக்கு நீதி செய்வதும் அதைச் சார்ந்ததே.

அந்தச் சிறுவனை மறுநாள் அழைத்து விடை கூறினேன். "வெள்ளி நம் தொழுகைக்கு உரிய சிறந்த நாள் தம்பி. ஞாயிறு உன் அம்மாவுக்கு உரிய நாள்" என்றேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்ப அத்தாவுக்கு?" என்று கேட்டான். அவனுடைய அத்தா போடியில் கறிக்கடை வைத்திருக்கிறார். ஞாயிறன்று கடையை முடித்து, குளித்து, அவர் வீடு வந்து சேரும்போது லுஹர் கடந்துவிடும். "அத்தா வந்ததும் நீங்கள் மூவரும் சேர்ந்து சாப்பிடுங்கள், அதுவரை காத்திரு" என்றேன். அவன் தலையசைத்துச் சென்றான்.

நாட்கள் அனைத்தும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியவை. அவற்றில் நம் பிள்ளைகளின் பங்கையும் பெற்றோரின் பங்கையும் உழைப்பவரின் பங்கையும் குறைவின்றி வழங்கிட அவன் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.